படையில் பெண்களும் உடற்தகுதி அளவுகோலும்: ஓர் அளவா, ஈரளவா?

முதிரை (இழையைத் தொடங்கியவர்)

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டப் பாடசாலைகளில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மாலை வேளையில் மைதானத்துக்குப் பயிற்சிக்கு வரும் பெண்பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் அண்மைக்காலமாகத் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்றை இங்கே முன்வைக்க விரும்புகிறேன். பொலிஸ் சேவைக்கோ, படைகளுக்கோ, கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்களுக்கோ விண்ணப்பிக்கும் ஒரு பெண்ணிடம் ஆணிடம் எதிர்பார்க்கும் அதே உடற்தகுதியை எதிர்பார்ப்பது நியாயமா, அல்லது அவளுக்கெனத் தனி அளவு வைப்பதுதான் நியாயமா?

உலகின் பெரிய படைகளே இக்கேள்விக்கு ஒரே விடையில் நிலைத்து நிற்கவில்லை. ஐக்கிய அமெரிக்க இராணுவம் ஆண், பெண் இருபாலாருக்கும் ஒரே அளவு என்று திட்டமிட்ட ஒரு சோதனையை 2022இல் பாலுக்கும் வயதுக்கும் ஏற்ற வெவ்வேறு அட்டவணைகளுடன் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பின்னர் 2025 யூன் 1 முதல் அதையும் மாற்றி, பாரந்தூக்கல், தண்டால், சுமையை இழுத்தும் தூக்கியும் ஓடுதல், முழங்கையூன்றி உடலை நேராக வைத்திருத்தல், இரண்டு மைல் ஓட்டம் என ஐந்து பகுதிகள் கொண்ட புதிய சோதனையை அறிமுகப்படுத்தியது. இதில் நேரடிச் சண்டைக்குரிய 21 பணிப்பிரிவுகளைச் சேர்ந்தவர்கள் ஆணாயினும் பெண்ணாயினும் ஒரே அட்டவணையின்படி 500க்கு 350 புள்ளிகள் பெற வேண்டும். ஏனையோருக்கு 300 போதும். அங்கே பாலுக்கேற்ற வேறுபாடு தொடர்கிறது.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சண்டைப் பிரிவு அட்டவணையில்கூட வயதுக்கேற்ற தளர்வு உண்டு. நாற்பத்தைந்து வயது ஆணுக்கு இருபத்தைந்து வயது ஆணைவிடக் குறைந்த அளவு வைக்கப்படும்போது, தரம் தாழ்ந்துவிட்டதென்று எவரும் கூக்குரலிடுவதில்லை. பெண் என்றவுடன் மட்டும் அக்குரல் ஏன் எழுகிறது என்பதை நாம் நேர்மையாக யோசிக்க வேண்டும்.

அளவு பணியிலிருந்து பிறக்க வேண்டும், அப்பணியைச் செய்யும் எல்லோருக்கும் அது ஒன்றாகவே இருக்க வேண்டும், ஆனால் அந்த அளவை எட்டுவதற்கான ஆயத்தம் ஒவ்வோர் உடலுக்கும் வேறாக இருக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

பாலைநிழல்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் மல்லாவிப் பக்கத்தைச் சேர்ந்தவன். உங்கள் நிலைப்பாட்டின் முதற்பாதியை ஏற்கிறேன். ஆனால் அதன் விளைவை நீங்கள் முழுவதுமாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

சராசரியாகப் பார்த்தால் பெண்ணின் மேலுடல் வலு ஆணின் வலுவில் ஏறக்குறைய அரைவாசிக்குச் சற்று மேலாகவே இருக்கிறது; கால்களில் இந்த இடைவெளி குறைவு. ஈமோகுளோபின் அளவும் தசையின் பருமனும் எலும்பின் அகலமும் பருவமடையும் காலத்திலிருந்தே வேறுபடுகின்றன. பயிற்சி இந்த இடைவெளியைக் குறைக்கும், இல்லாமற் செய்யாது. அமெரிக்காவின் மரைன் படை 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்கள் மட்டுமே இருந்த அணிகள் 134 பணிகளில் 93இல், அதாவது 69 வீதமானவற்றில், கலப்பு அணிகளைவிடச் சிறப்பாகச் செயற்பட்டதாகக் கண்டார்கள். அதற்கு முன்னர் அதே படை, பெண்களும் குறைந்தது மூன்று தடவை கம்பியில் தொங்கி உடலை மேலிழுக்க வேண்டுமென்று விதிக்க முனைந்தபோது, பயிற்சி முடிக்கும் நிலையிலிருந்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டோரால் அது முடியாமற் போகவே, அந்த விதியைத் தள்ளி வைத்தார்கள்.

எனவே ஒரே அளவை உண்மையாகவே நடைமுறைப்படுத்தினால் காலாட்படையில் பெண்கள் மிகச் சிலரே எஞ்சுவார்கள். அந்தச் சிலரின் எண்ணிக்கை போதாதென்று மேலிடம் கருதினால் அளவு இரகசியமாகத் தளர்த்தப்படும். அதன் விலையைக் களத்தில் பக்கத்தில் நிற்பவர் கொடுப்பார். பெண்களை இழிவுபடுத்தும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. இந்த மண்ணில் நின்று அப்படிச் சொல்பவன் மனிதனே அல்லன். ஆயினும் எண்களை மறைத்துக்கொண்டு பேசினால் நம் பிள்ளைகளுக்கு நன்மை விளையாது.

வீரை

பாலைநிழல் தம்பிக்கும் ஆசிரியர் ஐயாவுக்கும் வணக்கம். நான் தொண்ணூறுகளில் விடுதலைப் புலிகளின் பெண்கள் படையணி ஒன்றில் களத்தில் நின்றவள். இன்று புதுக்குடியிருப்புப் பிரதேசத்தில் தோட்டமும் கோழி வளர்ப்புமாக வாழ்கிறேன். அரசியலை எழுத நான் வரவில்லை. உடலைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

பெண்ணால் முடியுமா என்ற கேள்விக்கு இந்த மண்ணில் விடை கிடைத்து நெடுங்காலமாகிவிட்டது. 1985இல் தமிழ்நாட்டில் முதற்பயிற்சி பெற்ற பெண்களிலிருந்து, 1987 ஒக்ரோபர் 10 அன்று கோப்பாயில் களத்தில் வீழ்ந்த பெண் போராளி மாலதி, 1991 யூலையில் ஆனையிறவு வெட்டவெளியில் நின்றவர்கள் என்று வரலாறு நீண்டு செல்கிறது. ஆனால் எவ்வளவு விலை கொடுத்து முடிந்தது என்ற இரண்டாவது கேள்வியை எவரும் எங்களிடம் கேட்கவில்லை. போர் முடிந்த பிறகும் கேட்கவில்லை.

பயிற்சியில் நாங்கள் அணியாக மரக்குற்றி தூக்குவோம். ஒரே குற்றியின் கீழ் உயரமானவர்களும் குள்ளமானவர்களும் நிற்கும்போது பாரம் முழுவதும் உயரமானவர்களின் தோளில்தான் இறங்கும். குள்ளமானவர்கள் கையை உயர்த்திக் குற்றியைத் தொட்டபடி ஓடுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லோரும் ஒரே சுமையைச் சுமப்பதாகத் தோன்றும். நான் உயரமானவள். என் வலத்தோள் இன்றைக்கும் இடத்தோளைவிடத் தாழ்ந்தே இருக்கிறது. நீர்க்குடத்தை அந்தப் பக்கம் வைத்தால் கழுத்திலிருந்து விரல்வரை விறைத்துப் போகும். நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள பிள்ளைக்கும் அறுபது கிலோ எடையுள்ள பிள்ளைக்கும் ஒரே பொதி, ஒரே தூரம், ஒரே நேரம். சமத்துவம் என்று நாங்கள் அதைப் பெருமையோடு ஏற்றுக்கொண்டோம். மாதவிலக்கு நாட்களிலும் அப்படித்தான். இரத்தச்சோகை இருக்கிறதா என்று எவரும் சோதித்த நினைவில்லை.

தம்பி எழுதிய கம்பியில் தொங்கும் சோதனையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காயப்பட்ட தோழியைப் பரவைக்கடலின் உவர்ச்சேற்றினூடாகத் தூக்கி வந்த அனுபவம் எனக்கு உண்டு. படங்கின் நான்கு மூலைகளையும் நான்கு பேர் பற்றிக்கொள்வோம். முழங்கால்வரை புதையும் சேறு. அவளுடைய துவக்கையும் எங்களுடைய துவக்குகளையும் விட்டுவர முடியாது. அந்த வேளையில் கால்களும் மூச்சும் தாங்கின. முதலில் கைவிட்டவை விரல்கள். ஈரமான படங்கு விரலிலிருந்து நழுவும். நிறுத்துவோம், கைமாறுவோம், மறுபடி தூக்குவோம். உடலை மேலிழுக்கும் சோதனையில் நான் தோற்றிருக்கக்கூடும். இந்தச் சோதனையில் என் அணி தோற்கவில்லை. எதைச் சோதிக்கிறோம் என்பதைத் தீர்மானிக்காமல் யார் தேறினார்கள் என்று எண்ணுவதில் பயனில்லை.

இன்னுமொன்று. நான் என் விருப்பத்தில் போனவள். ஆனால் 2006க்குப் பின் வன்னியில் வீட்டுக்கொருவர் என்று கட்டாயமாகக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகளைப் பற்றியும் நாம் பேச வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். யுனிசெப் அதைப் பதிவு செய்திருக்கிறது. வளர்ச்சி முடியாத எலும்பின்மேல் ரவைக்கூடுகளும் பொதியும் ஏற்றப்பட்டன. சில வாரப் பயிற்சியோடு காவலரணுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே எந்த அளவுகோலும் இருக்கவில்லை. இருந்திருந்தால் அவர்களில் பலர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்கள். அளவுகோல் என்றால் பெண்ணை வெளியே நிறுத்தும் கதவு என்று மட்டும் எல்லோரும் பேசுகிறீர்கள். சுமக்கக் கூடாத சுமையிலிருந்து ஒரு பிள்ளையைக் காக்கும் வேலியும் அதுதான். அந்த வேலி பிடுங்கப்பட்டதை என் கண்ணால் கண்டபடியால், அளவே வேண்டாம் என்று சொல்பவர்களோடு என்னால் ஒருபோதும் சேர முடியாது.

கனகராயன் ஆற்றங்கரை

வீரை அக்காவின் பதிவை வாசித்துவிட்டு நீண்ட நேரம் எதுவும் எழுத இயலாமல் இருந்தேன். நான் நெடுங்கேணியில் பிறந்து இப்போது கனடாவில் வசிப்பவன். எதைச் சோதிக்கிறோம் என்று அக்கா கேட்ட கேள்வி இந்நாட்டின் உச்சநீதிமன்றம்வரை சென்ற கேள்வியாகும். ஆகவே அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் காட்டுத்தீயை முதலில் எதிர்கொள்ளும் அணியொன்றில் ஒரு பெண் பணியாற்றி வந்தார். அவருடைய வேலையில் எவரும் குறை கண்டதில்லை. பின்னர் மாகாண அரசு புதிய உடற்தகுதிச் சோதனையைக் கொண்டுவந்தது. அதன் ஒரு பகுதி 2.5 கிலோமீற்றர் தூரத்தை 11 நிமிடங்களுக்குள் ஓடுவது. ஏனைய பகுதிகளில் தேறிய அவர், ஓட்டத்தில் மட்டும் நான்கு தடவை முயன்றும் 49.4 செக்கன்கள் பிந்தினார், வேலையை இழந்தார். மெயோரின் வழக்கு என்று அறியப்படும் அவ்வழக்கில் 1999 செப்ரெம்பரில் உச்சநீதிமன்றம் அவரை மீண்டும் பணியில் அமர்த்த உத்தரவிட்டது. முதல் முயற்சியில் ஆண்களில் 65 முதல் 70 வீதம் வரையானோரும் பெண்களில் 35 வீதமானோருமே அந்த ஓட்டத்தில் தேறினர் என்பது நீதிமன்றத்தின்முன் இருந்த சான்று. எனினும் தேறியோர் தொகை வேறுபடுகிறது என்பதற்காக மட்டும் அந்த அளவு தள்ளப்படவில்லை. அந்த ஓட்ட வேகம் தீயணைக்கும் பணியைப் பாதுகாப்பாகச் செய்வதற்கு உண்மையிலேயே அவசியம் என்பதை அரசு நிறுவத் தவறியது என்பதே தீர்ப்பின் மையம். அவசியம் என்று நிறுவப்பட்டிருந்தால் அளவு நிலைத்திருக்கும். அவர் வேலையை இழந்தே இருப்பார். பாலைநிழல் அவர்கள் இந்த இரண்டாவது பாதியையும் கவனிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கனடியப் படைகள் 1989இலேயே ஏறக்குறைய எல்லாச் சண்டைப் பணிகளையும் பெண்களுக்குத் திறந்துவிட்டன. 2013 முதல் அங்கே நடைமுறைக்கு வந்த சோதனை ஆண், பெண், இளையோர், மூத்தோர் அனைவருக்கும் ஒன்றே. அதில் தண்டாலும் இல்லை, கம்பியும் இல்லை. 20 கிலோ மண்மூட்டையை ஒரு மீற்றர் உயரத்துக்கு 30 தடவை, மூன்றரை நிமிடத்துக்குள் தூக்க வேண்டும். ஒரு மூட்டையைக் கையில் ஏந்தியபடி வேறு மூட்டைகளை 20 மீற்றர் இழுக்க வேண்டும். விழுந்தெழுந்து ஓட வேண்டும். சுமையோடும் சுமையின்றியும் மாறிமாறி நடக்க வேண்டும். காவலரண் அமைப்பதும், காயப்பட்டவரை இழுத்து வருவதும், வெள்ளத்தில் அணை கட்டுவதும்தான் அந்தச் சோதனையாக உருமாறியிருக்கின்றன. 2008இலும் 2009இலும் பதுங்குகுழிக்கு மண்மூட்டை அடுக்கிய வன்னிப் பெண்கள் எவருக்கும் இந்தச் சோதனையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஓமந்தைச் சந்தி

இயன்மருத்துவராக வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் பணியாற்றும் எனக்கு வீரை அக்காவின் தோள் புதிதல்ல. அதுபோன்ற தோள்களையும் முதுகுகளையும் முழங்கால்களையும் ஏராளமாகக் கண்டிருக்கிறேன். ஒரே அளவு சரி, இருவேறு அளவு தவறு என்பதோடு விவாதம் நின்றுவிடக் கூடாதென்பதற்காக மருத்துவப் பக்கத்தை எழுதுகிறேன்.

பிரித்தானிய இராணுவம் தொண்ணூறுகளின் இறுதியில், பெண்களுக்கெனத் தனி அளவுகள் வைத்திருந்த முறையை நீக்கி, ஆண்களோடு ஒரே பயிற்சி என்ற முறைக்கு மாறியது. அதன்பின் மிகைப்பாவனைக் காயங்களால் (ஓய்வின்றித் திரும்பத் திரும்ப ஒரே உறுப்பில் விழும் சுமையால் ஏற்படுபவை) மருத்துவக் காரணத்துக்காக விலக்கப்பட்ட பெண் பயிற்சியாளர்களின் பங்கு 4.6 வீதத்திலிருந்து 11.1 வீதமாக உயர்ந்தது. ஆண்களில் அது 1.5 வீதத்துக்குக் கீழேயே இருந்தது. மாறாக, அவுஸ்திரேலிய இராணுவத்தில் பெண் பயிற்சியாளர்களுக்கு இடுப்பெலும்பில் ஏற்படும் அழுத்த முறிவு (தொடர்ந்து விழும் விசையால் எலும்பில் உண்டாகும் வெடிப்பு) 11.2 வீதமாக இருந்தபோது, அணிநடையின் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொருவரும் தத்தமது கால் நீளத்துக்கேற்ப எட்டு வைக்க அனுமதித்து, ஓட்டப் பயிற்சியையும் மாற்றியமைத்தார்கள். முறிவு 0.6 வீதமாகக் குறைந்தது.

காரணம் எளியது. உயரம் குறைந்த பெண் உயரமான ஆணின் எட்டுக்கு ஈடுகொடுக்கக் காலை அகட்டி வைக்கும்போது, ஒவ்வோர் எட்டிலும் இடுப்பெலும்பின் மெல்லிய வளைவில் விசை விழுகிறது. சுமையையும் சேர்த்துப் பாருங்கள். பிரித்தானியக் காலாட்படையின் இன்றைய சோதனையில் 40 கிலோவைச் சுமந்துகொண்டு 4 கிலோமீற்றரை 50 நிமிடத்தில் கடக்க வேண்டும். எண்பது கிலோ எடையுள்ளவருக்கு அது உடல் எடையில் பாதி. ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ளவருக்கு நான்கில் மூன்று பங்குக்கு அண்மையானது. பணி அந்தச் சுமையைக் கேட்கிறது என்றால் கேட்கட்டும். அதை எட்டும் வழியில் எலும்புக்கு அவகாசம் கொடுக்க வேண்டும். தசை சில வாரங்களில் வலுப்பெறும், எலும்பு மாதக்கணக்கில்தான் வலுப்பெறும். உணவும் இரும்புச்சத்தும் போதாத பெண்ணுக்கு, மாதவிலக்கு நின்றுபோகுமளவுக்குப் பட்டினியோடு பயிற்சி கொடுத்தால் அந்த வலுவும் வராது.

2012 நவம்பரில் கிளிநொச்சியில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெண்கள் இலங்கை இராணுவத்தின் மகளிர் படையணிக்குச் சேர்க்கப்பட்டதும், அடுத்த மாதமே அவர்களில் சிலர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டதும், அதையொட்டி எழுந்த அச்சமும் எங்கள் மக்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சம்பவத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் முயலவில்லை. எந்தச் சீருடையாயினும், சேர்க்கும் நாளிலேயே இரத்தப் பரிசோதனையும் எலும்பு, தசை நிலைப் பதிவும் எழுத்தில் இருந்து, அதன் பிரதி அந்தப் பெண்ணின் கையிலும் இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

வட்டக்கச்சித் தாய்

இவ்வளவு பேர் அறிவோடு எழுதும் இடத்தில் நான் ஒரு சிறிய கேள்வியோடு வருகிறேன். என் மூத்த மகள் உயர்தரம் எழுதிவிட்டுக் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போக விரும்புகிறாள். எங்கள் தெருவில் இரண்டு பெண்கள் அந்த வேலை செய்தே பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். அவள் மெலிந்த பிள்ளை. அடிக்கடி தலைசுற்றுகிறது என்பாள். அவளை மறிக்கவும் எனக்கு மனமில்லை, அனுப்பவும் துணிவில்லை. அந்த வேலைக்கு உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்வீர்களா?

செம்பாட்டுமண்

அம்மா, நான் முகமாலைப் பக்கத்தில் அந்த வேலையைச் செய்தவள். பின்னர் அணித்தலைவியாகவும் இருந்தேன். இது படைத்துறை அல்ல. ஆயினும் ஆசிரியர் கேட்ட கேள்விக்கு இங்கே நேரடியான விடை உண்டென்று நினைக்கிறேன். எங்கள் வேலையில் ஆணுக்கொரு தரை, பெண்ணுக்கொரு தரை என்று கிடையாது. வெடியும் பால் பார்ப்பதில்லை.

வேலை விடிகாலையில் தொடங்கும். முகத்தை முழுவதும் மூடும் கண்ணாடிக் கவசமும் கழுத்திலிருந்து தொடைவரை தொங்கும் பாரமான மார்புக் கவசமும் அணிந்து, குறித்துவிட்ட ஒடுங்கிய பாதையில் முழங்காலூன்றி, கைக்கருவியால் மண்ணைப் பக்கவாட்டிலிருந்து சிறிது சிறிதாகச் சுரண்ட வேண்டும். வெயில் ஏறும்போது கவசத்தின் உட்புறம் மூச்சின் ஆவி படியும். இடைவேளை மணி அடிக்கும்வரை கவசத்தைத் தூக்கக் கூடாது. இந்த வேலைக்கு வேண்டிய முதல் தகுதி வலிமை என்று நான் சொல்லமாட்டேன். முழங்காலும் இடுப்பும் தாங்க வேண்டும், வெக்கையில் தலை தெளிவாக இருக்க வேண்டும், கை நடுங்கக் கூடாது, அவசரப்படக் கூடாது. இவற்றில் பெண்கள் எவருக்கும் குறைந்தவர்களாக இருந்ததை நான் கண்டதில்லை.

ஆனால் ஓரிடத்தில் வலிமை கட்டாயம் வேண்டும். விபத்து ஒத்திகை என்று ஒன்று உண்டு. ஒருவரைத் தூக்குபடுக்கையில் கிடத்தி, பாதைக்கு வெளியே ஒரு காலடிகூட வைக்காமல், அம்புலன்ஸ் நிற்குமிடம்வரை கொண்டுவர வேண்டும். பாதை ஒடுக்கம் என்பதால் நால்வர் அகலமாக நின்று தூக்க இடமிராது. வீரை அக்கா எழுதியது எழுத்துக்கு எழுத்து உண்மை. அந்த ஒத்திகையில் முதலில் தளர்வது விரல்கள்தான். என் அணியில் ஒல்லியான பிள்ளை ஒருத்தி முதல் ஒத்திகையில் கைப்பிடியை நழுவவிட்டாள். அளவைக் குறைக்க நான் சம்மதிக்கவில்லை; ஏனென்றால் படுக்கையில் கிடக்கப்போவது நாளைக்கு நானாகவும் இருக்கலாம். ஓய்வு நேரங்களில் தண்ணீர்க் கலன்களை இரு கையிலும் பிடித்து நடக்கவைத்தோம். மழைக்காலம் முடிவதற்குள் அவள் முன்வரிசைக் கைப்பிடியைத் தானாகக் கேட்டு வாங்கினாள்.

கவசங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு முதலில் தரப்பட்டது பெரிய உடம்புக்குத் தைத்தது. முழங்காலூன்றியதும் அதன் கழுத்துப்பட்டை நாடியில் இடித்துத் தலையை மேலே தள்ளும்; நிலத்தைப் பார்ப்பதற்கு முதுகை வளைக்க நேரிடும். அளவான கவசம் வந்த பிறகு முதுகுவலி பாதியாகக் குறைந்தது. உடற்தகுதியில்லை என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவதற்கு முன்னர் அவளுக்குக் கொடுத்த சப்பாத்தும் கவசமும் பொதிப் பட்டியும் யாருடைய அளவில் செய்யப்பட்டவை என்று பார்ப்பது பொறுப்பிலிருப்பவர்களின் கடமை.

பாலைநிழல்

கனகராயன் அண்ணாவும் செம்பாட்டுமண் அக்காவும் எழுதியவை என் வாதத்தின் ஒரு பகுதியை நகர்த்தியிருக்கின்றன. பணியிலிருந்து பிறந்த சோதனை என்றால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் என் அச்சம் வேறிடத்தில் நிற்கிறது. கண்ணிவெடி அகற்றல் அமைதிக்காலப் பணி. அங்கே ஓய்வுண்டு, மணியுண்டு, தேறாதவருக்கு இன்னொரு மாதம் உண்டு. போர் என்று வந்துவிட்டால் எந்தப் படையும் அந்த அவகாசத்தைக் கொடுக்காது. ஆள் குறையும்போது முதலில் கைவிடப்படுவது அளவுகோல்தான். வீரை அக்காவே அதை எழுதியிருக்கிறார். நோர்வே 2015 முதல் பெண்களுக்கும் கட்டாயப் படைச்சேவையை விரிவாக்கியது. சுவீடனும் டென்மார்க்கும் பின்தொடர்ந்தன. அங்கெல்லாம் அழைக்கப்படுவோரில் தகுதியும் விருப்பமும் உள்ள ஒரு பகுதியினரையே தெரிவு செய்கிறார்கள். அது செல்வமும் அமைதியும் உள்ள நாடுகளுக்கு இயலும். எங்களைப் போன்ற மண்ணில் அந்த அளவுகோலை யார் காப்பார்கள்?

நெடுங்கேணிச் சட்டத்தரணி

பாலைநிழல் அவர்களின் கேள்விக்கு முழுமையான விடை என்னிடம் இல்லை. ஆயினும் அளவுகோலைக் கேள்விக்குட்படுத்தும் உரிமை நீதிமன்றத்துக்கு உண்டென்பதை நிலைநாட்டிய அண்டை நாட்டுத் தீர்ப்பொன்றைச் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன்.

இந்திய இராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தர ஆணையம், அதாவது ஓய்வு பெறும் வயதுவரை சேவையில் தொடரும் அதிகாரி நிலை, வழங்க வேண்டுமென்று 2020 பெப்ரவரியில் இந்திய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் அவர்களைத் தெரிவு செய்யும்போது ஷேப்-1 எனப்படும் மருத்துவத் தகுதி கேட்கப்பட்டது. ஆண் அதிகாரிகள் அதே தகுதியைத் தமது ஐந்தாவது அல்லது பத்தாவது சேவை ஆண்டில், இளவயதில் காட்டி நிரந்தரமானவர்கள். பின்னர் வயதோடு அத்தகுதி குறைந்தாலும் சேவையில் தொடர்ந்தார்கள். பெண்களுக்கோ அந்த வாய்ப்பே உரிய காலத்தில் கொடுக்கப்படாமல், நாற்பது, ஐம்பது வயதை அண்மித்தபோது அதே அளவு வைக்கப்பட்டது. 2021 மார்ச்சில் நித்திஷா வழக்கில் நீதிமன்றம் இதனை மறைமுகப் பாரபட்சம் என்று கண்டு, அவர்களும் ஐந்தாவது அல்லது பத்தாவது ஆண்டில் இருந்த நிலையைக் கொண்டே மதிப்பிடப்பட வேண்டும் என்றது. மருத்துவ அளவு தேவையற்றது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஒரே அளவை வெவ்வேறு வயதில் வைத்தால் அது ஒரே அளவாக இராது என்றது. காகிதத்தில் சமமாகத் தெரியும் விதியை நடைமுறையில் யார்மீது எப்போது பிரயோகிக்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் நம்மிடமும் வளர வேண்டும்.

வீரை

பாலைநிழல் தம்பி, யார் காப்பார்கள் என்று கேட்கிறீர்கள். முதலில் பதிவு காக்கும் என்று நம்புகிறேன். என்னோடு நின்று இன்று இடுப்பு முறிந்தும் முதுகு வளைந்தும் இருப்பவர்கள் எத்தனை கிலோவை எத்தனை வயதில் சுமந்தோம் என்று எங்கேயும் எழுதப்படவில்லை. ஆகையால் அவர்களுடைய வலிக்குக் காரணம் காட்டச் சான்றில்லை. உதவி கேட்கப் போனால் வயதுக்கோளாறு என்கிறார்கள். ஓமந்தைச் சந்தி அவர்கள் கேட்டதுபோல, சேர்க்கும் நாளின் பதிவின் பிரதி பெண்ணின் கையில் இருந்தால் அளவைத் தளர்த்தியவர் யார் என்று பின்னொரு நாளில் கேட்கவாவது முடியும். எங்களைப் பற்றி எழுத விரும்பும் மருத்துவ மாணவர்கள் எவராவது இருந்தால், வாய்மொழியாகச் சொல்ல நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

முதிரை

அனைவருக்கும் நன்றி. வட்டக்கச்சித் தாய்க்கு விடை கொடுக்காமல் இவ்விழை நகரக் கூடாதென்பதால் அவருக்கே எழுதுகிறேன்.

அம்மா, பிள்ளைக்குத் தலைசுற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பயிற்சியைப் பற்றி நினைப்பதற்கு முன்னர் அவளைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்று ஈமோகுளோபினும் இயலுமானால் இரும்புச்சத்துச் சேமிப்பும் பார்க்கச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் வைத்தியர் தரும் மாத்திரையை அவர் சொன்னபடி தேசிக்காய்ச் சாற்றோடு எடுக்கட்டும். அதற்கு முன்னும் பின்னும் தேநீர் குடிக்க வேண்டாம், அது இரும்பை உடலில் நன்றாகச் சேரவிடாது. முருங்கையிலை, பயறு, கௌபி, நெத்தலி எல்லாம் நம் வீட்டிலேயே கிடைப்பவை. காலையில் வெறும் தேநீரோடு வெளிக்கிடும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்தச் செய்யுங்கள். எடை ஏறாமல் சுமை ஏற்றக் கூடாது.

அதன்பின் ஓட்டத்தை முதலில் தொடங்க வேண்டாம். சுமையில்லாத நடை, பிறகு வேகநடை, பிறகு வாய்க்கால் வரம்பின் மேட்டில் ஏறியிறங்கல். இரண்டு மாதங்கள் போனபின் முதுகில் சிறு சுமை. ஒரு கிழமையில் சுமையைக் கூட்டினால் அந்தக் கிழமை தூரத்தைக் கூட்டக் கூடாது. இரண்டையும் ஒன்றாகக் கூட்டியபோதுதான் என் மாணவிகளுக்குக் கணைக்கால் எலும்பில் நோவு கண்டிருக்கிறேன். இடுப்பின் முன்புறத்திலோ தொடை மடிப்பிலோ நடக்கும்போது வலி வந்து இரவிலும் தொடர்ந்தால் எண்ணெய் பூசிச் சமாளிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். விரல் பிடிக்கு, செம்பாட்டுமண் சொன்னபடி, இரு கையிலும் தண்ணீர்க் கலன் பிடித்து முற்றத்தில் நடக்கட்டும். கலனின் கைப்பிடியில் ஈரத்துணி சுற்றிப் பிடிப்பது இன்னும் நல்லது; ஒத்திகையின்போது கை வியர்வையில் வழுக்கும். முழங்காலூன்றி இருக்கும் பழக்கத்துக்குத் தோட்டத்தில் களை பிடுங்கும் வேலையையே பயிற்சியாக்கலாம். மணலில் ஐந்து நிமிடம் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டட்டும்.

பாலைநிழல் தம்பியின் கேள்வியை மறக்கவில்லை. அதற்குத் தனி இழை திறப்பதே முறை. அதுவரை, அம்மா, இரத்தப் பரிசோதனை முடிவு கிடைத்ததும் இங்கே எழுதுங்கள். கலனில் மூன்று லீற்றர் தண்ணீரோடு தொடங்குவதா, ஐந்தோடு தொடங்குவதா என்பதை அதைப் பார்த்தபின் தீர்மானிப்போம்.